ஆறு மூட்டை குத்திச் சொன்ன தீர்ப்பு

சங்கராபுரத்தில் ஆதிமூலத்தின் தானிய மண்டியில் முப்பத்தோரு வருடமாக நீதிபதியாக இருப்பவர் வெள்ளையன். நியமன உத்தரவு கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது, தீர்ப்பின் மேல் அப்பீலும் கிடையாது. கையில் ஒரு முழ நீளக் குத்தூசி மட்டும் உண்டு. முனை கூர், உள்ளே குழல். மூட்டையின் விலாவில் செருகி உருவினால் உள்ளங்கையில் ஒரு பிடி மக்காச்சோளமோ உளுந்தோ வந்து விழும். அதை வெள்ளையன் பார்ப்பார், முகர்வார், இரண்டைக் கடிப்பார். பிறகு "எறக்கு" என்பார், அல்லது "திருப்பு" என்பார். இந்த இரண்டு சொற்களைத் தவிர வேலை நேரத்தில் அவர் வேறெதுவும் பேசியதாகச் சாட்சி இல்லை.

லாரியில் லோடு ஏற்றுவது ஒரு கலை. பின் கதவை ஒட்டி நல்ல மூட்டை, மேல் வரிசையில் நல்ல மூட்டை, மழையில் நனைந்து பூஞ்சை பிடித்ததெல்லாம் நட்ட நடுவில். இதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. நல்ல சட்டையை மேலே போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள்தான். வெள்ளையன் பின் கதவைச் சீந்த மாட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி, நாலு மூட்டையைப் புரட்டச் சைகை காட்டி, நடு வயிற்றில் குத்துவார். நூறு மூட்டைக்குப் பன்னிரண்டு குத்து. அதற்குக் குறைந்தால் அது சோதனை இல்லை, மரியாதை நிமித்தம் என்பது அவர் கட்சி.

அந்தச் சட்டத்தை அவரே ஒருமுறை மீறினார். களமருதூரிலிருந்து இருநூற்று நாற்பது மூட்டை சோளம் வந்த நாள். வெயில் மண்டையைப் பிளந்தது, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, லாரிக்காரர் தெரிந்தவர். ஏழு மூட்டை குத்தினார். ஏழும் தங்கம். "எறக்கு" என்று சொல்லிவிட்டுக் களி தின்னப் போனார். நாலாம் நாள் நாமக்கல் கோழித்தீவன ஆலையிலிருந்து மொத்த லோடும் பச்சைப் பூஞ்சையோடு திரும்பி வந்தது. ஆதிமூலம் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஏழு மூட்ட நல்லாதான இருந்துச்சி, நீ இன்னா பண்ணுவ" என்று ஆறுதல் சொன்னார். வெள்ளையனுக்கு அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம் என்றிருந்தது. கெட்டுப்போன லோடுக்கு நல்ல சான்றிதழ் எப்படிப் பிறக்கிறது என்பது அன்றிலிருந்து அவருக்குத் தெரியும். பசி, வெயில், தெரிந்த முகம், ஏழு மூட்டை.

வெள்ளையனின் சொந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் பதினெட்டு வீடுள்ள ஒரு சிற்றூர். இருபத்தாறு வயதில் இறங்கி வந்தார். மனைவி செங்கம்மாள் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. "சாமக் காட்ட யாரு பாக்கறது" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததால் முப்பத்தோரு வருடமாக இருவரும் இப்படியே குடும்பம் நடத்துகிறார்கள். மண்டிக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. திங்கள் சாயங்காலம் பஸ் ஏறினால் செவ்வாய் முழுக்கப் புருஷன். புதன் காலையில் மறுபடியும் ஒண்டிக்கட்டை. பிள்ளை குட்டி இல்லை. மலையில் அவருக்குப் பெயர் ‘கீழ போனவரு.' கீழே அவருக்குப் பெயர் ‘மலையாளு.' இரண்டு ஊரும் சேர்ந்து அவரை அடுத்த ஊர்க்காரர் என்று ஒருமனதாக முடிவு செய்திருந்தன.

மண்டிக்குப் பின்னால் ஒரு அறை. அங்கே அவரே கேழ்வரகுக் களி கிண்டி, அவரே தின்று, அவரே சட்டி கழுவுவார். களியை மெல்லக்கூடாது. உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். இந்த வழக்கம்தான் முதல் சேதியைச் சொன்னது. தை மாதத்தில் ஒரு மத்தியானம் களி உருண்டை நெஞ்சுக்கூட்டின் நடுவில் வந்து நின்று யோசித்தது. தண்ணீர் குடித்தார், இறங்கியது. மறுநாளும் நின்றது. உருண்டையைச் சின்னதாக்கினார். ஒரு வாரத்தில் அது கோலிக்குண்டு அளவுக்கு வந்தபோது, குழாய் எங்கோ குறுகியிருக்கிறது என்று தானியம் அளந்த மூளை கணக்குப் போட்டது.

"இட்லி துன்னு வெள்ள, வழுக்கிக்கினு போவும்" என்றார் ஆதிமூலம்.

"வழுக்கிக்கினு போனா எப்பிடி மொதலாளி தெரியும்" என்றார் வெள்ளையன்.

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, கடலைப் பார்த்துப் போகும் சாலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் கீழ்ப் பாதியில் புற்று. தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள அந்தக் குழாய்க்கு நோய் வந்தால் பெரும்பாலும் கஞ்சி இறங்காத காலத்தில்தான் ஜனங்கள் வருவார்களாம். இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தீர்கள் என்று பெரிய டாக்டர் ஆச்சரியப்பட்டார். களியைப் பற்றிச் சொன்னதும் குறித்துக்கொண்டார். மருத்துவ உலகத்துக்குக் கல்வராயன் மலையின் முதல் பங்களிப்பு அப்படியாகப் பதிவானது.

ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. நேரே ஆபரேஷன் என்று முடிவாயிற்று. செங்கம்மாள் வரவில்லை. மனசில்லாமல் இல்லை. ஊர்ச் சாமிக்கு முன்னால் சூடம் அணைத்து, ‘அவரு நல்லபடியா திரும்பி மலையேறி வர்ற வரைக்கும் நா மலைய வுட்டு எறங்க மாட்டேன், வந்தா கெடா வெட்றேன்' என்று வேண்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் இப்படி வேண்டிக்கொண்டால் இறங்கக்கூடாதுதான். ஆகவே வெள்ளையனின் நெஞ்சைத் திறந்து குழாயை வெட்டி, வயிற்றை மேலே இழுத்துத் தைத்த ஏழு மணி நேரமும் செங்கம்மாள் விரதப்படி மலைமேல் அசையாமல் அவருக்குத் துணை நின்றார். கையெழுத்துப் போட்டவர் ஆதிமூலம்.

ஆபரேஷனுக்கு முன்பே பெரிய டாக்டர் ஒரு விஷயத்தை விளக்கியிருந்தார். "கொழாய ஒட்டி அங்கங்க நெறிக்கட்டிங்க இருக்கும். கழுத்துல, அக்குள்ல காய்ச்சலுக்கு நெறி கட்டும் பாருங்க, அதே ஜாதி. நோய் வெளிய கெளம்பினா பெரும்பாலும் அங்கதான் மொதல்ல போயி ஒக்காரும். கட்டி பெருசா சிறுசாங்கறத விட, நெறிக்கட்டிக்குப் போயிருக்கா இல்லையாங்கறதுதான் முக்கியம். ஒண்ணுலயும் இல்லன்னா பத்துப் பேர்ல ஏழு பேரு அஞ்சு வருஷத்தத் தாண்டிடுவாங்க. ஒண்ணு ரெண்டுல இருந்தா அது நாலு, அஞ்சு பேருன்னு எறங்கும். மூணுக்கு மேல, ஏழுக்கு மேலன்னு போகப்போக இன்னும் கொறையும். அதனால கொழாயோட சேத்து எல்லாத்தையும் எடுத்து லேபுக்கு அனுப்பிடுவோம்."

வெள்ளையனுக்கு இதில் ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. உடம்பு லோடு. நெறிக்கட்டி மூட்டை. லேபில் ஒருத்தர் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அறைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் தாளைப் புரட்டினார், முகம் மலர்ந்தது. "வெட்டின ஓரம் ரெண்டும் சுத்தம். நெறிக்கட்டில சைபர். மருந்து ஏத்தறது, கரண்டு வெக்கறது ஒண்ணும் வேணாம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

ஆதிமூலம் கும்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர். வெள்ளையன் தாளை வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். ஒரு சைபர் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆறு.

"சார், இந்த ஆறு?"

"ஆறு எடுத்துப் பாத்தாங்க. ஆறுலயும் இல்ல."

"மொத்தம் எத்தன சார் இருந்துச்சி?"

"ஏய், வா வெள்ள, நாப்பது பேரு நிக்கறாங்க" என்று ஆதிமூலம் அவரைத் தோளோடு அணைத்து வெளியே இழுத்து வந்துவிட்டார். நல்ல சேதி கேட்டவன் கேள்வி கேட்பது, பந்தியில் பாயசம் ஊற்றும்போது ‘பால் எத்தனை மணிக்குக் கறந்தது' என்று கேட்பது மாதிரி என்று பஸ்ஸில் விளக்கினார். வெள்ளையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உலகமே சைபரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒருத்தர் மட்டும் ஆறைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேபில் பார்த்தவன் நல்லவனாக இருக்கலாம், படித்தவனாக இருக்கலாம். ஆனால் அப்போது மணி என்ன? சாப்பிட்டு விட்டானா?

மலையில் கிடா வெட்டு நடந்தது. கச்சிராயபாளையம் வரை ஆதிமூலம் காரில் கொண்டுவந்து விட, அங்கிருந்து பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறிப் போனபோது, ஊர் எல்லையில் செங்கம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றார். மெலிந்துபோன புருஷனை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா, பாதி ஆளத்தான் திருப்பி அனுப்பிக்கிறாங்க."

"மீதி லேபுல கீது" என்றார் வெள்ளையன். உண்மையைத்தான் சொன்னார். கூட்டம் சிரித்தது.

பதினெட்டு வீடும் பந்தியில் உட்கார்ந்தன. அவரைப் பற்றியே பேசினார்கள். "புத்துநோவே வந்து பாத்துட்டு ஓடிடுச்சி", "மலையாளு ஒடம்பு கல்லு", "சாமி சும்மாவா" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக அவர் மறுபடியும் மலையாளு ஆகியிருந்தார். அப்படி ஒரு மரியாதை கிடைத்த இடத்தில் நோய் இல்லாமல் இருப்பது அவருடைய கடமை. அவருக்கோ கறி இறங்காது. ஒரு டம்ளரில் சாறு மட்டும் வைத்துக்கொண்டு, வாய்க்கு வாய் நிறுத்தி, ஓரமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடித்தார். கூட்டத்தில் இருக்கும்போது இவ்வளவு தனியாக அவர் லாரி மேல்கூட இருந்ததில்லை. அங்கேயாவது மூட்டைகள் உண்மை பேசும்.

"மொகம் ஏன் தொங்கிக்கினு கீது?" செங்கம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆறுதான் குத்திப் பாத்துக்கிறாங்க."

"இன்னாத்த?"

"நெறிக்கட்டிய. ஆறு பாத்துட்டு ஒண்ணுமில்லன்றாங்க. ஆறு பத்துமா?"

செங்கம்மாள் ஒரு கணம் யோசித்தார். "ஏழாவது பாக்கச் சொல்றியா? சாமி கெடாவத் துன்னுட்டு ஒக்காந்துகினு கீது. அதுங்கிட்ட போயி இப்ப கணக்குக் கேக்காத." பந்திக்குத் திரும்பிப் போய்விட்டார். சட்டப்படி அவர் சொன்னது சரி. சாமியும் ஒரு தீர்ப்பை வழங்கி, அதற்குரியதையும் பெற்றுக்கொண்டுவிட்டது.

அடுத்த வாரம் வெள்ளையன் மண்டியில் போய் உட்கார்ந்தார். ஏறி இறங்கக்கூடாது என்பதால் வேறொருவர் குத்தினார், இவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினார். நான்காவது மூட்டையோடு அந்த ஆள் குத்துவதை நிறுத்தியதும் வெள்ளையனுக்கு நெஞ்சுத் தையல் வலித்தது. எழுந்தார். முதலாளியிடம் பல் வலி என்று சொன்னார். இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். பல் வலி என்றால் யாரும் துணைக்கு வருவதில்லை. அதற்காகத்தான் அந்த வியாதியைத் தேர்ந்தெடுத்தார்.

லேப் பின்கட்டில் இருந்தது. கண்ணை எரிக்கும் மருந்து வாடை. கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு, அதில் யாரும் இல்லை. நோயாளி தன் உடம்பின் துண்டைப் பார்க்க வருவது அந்தக் கட்டடத்தின் வழக்கத்தில் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தபிறகு முப்பது வயதுக்குள் ஒரு பெண் வெளியே வந்தார். மார்பில் பெயர் அட்டை, டாக்டர் ரம்யா.

"யார் வேணும் உங்களுக்கு?"

"நாந்தாங்க வேணும்" என்றார் வெள்ளையன். தப்பாக வந்துவிட்டது. மறுபடியும் சொன்னார். "என்னோடது இங்க பக்கெட்ல கீதுங்களா, இல்ல கொட்டிட்டீங்களா?"

டாக்டர் ரம்யா பதில் சொல்வதற்குள் வெள்ளையன் தாளை நீட்டினார். ஆறைத் தொட்டுக் காட்டினார். தன் தொழிலைச் சொன்னார். நூற்றுக்குப் பன்னிரண்டு என்றார். களமருதூர் லோடையும் சொன்னார், ஏழு மூட்டையையும் வெயிலையும் களியையும் மறைக்காமல் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொள்கிற தொனியில் ஒருவர் கேள்வி கேட்பதை அந்த லேப் அதுவரை கண்டதில்லை.

டாக்டர் ரம்யா தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படித்தார். "இங்கயே எழுதியிருக்குங்க. ‘கிடைத்த நெறிக்கட்டிகள் குறைவு'ன்னு."

"மேல எழுதியிருக்கலாம்ல?"

அதற்கு அவர் சிரிக்கவில்லை. "நாங்க கொறஞ்சது பதினஞ்சு பாக்கணும்னு வெச்சிருக்கோம், ஐயா. சில ஒடம்புல சிக்காது. கொழுப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும், உளுந்து சைஸுல. கண்ணுக்குத் தெரியாது. வெரலால தடவித் தடவித்தான் தேடணும்."

"பதினஞ்சா? நா பன்னெண்டோட வுட்டுடுவேன்." வெள்ளையனுக்கு மருத்துவத்தின்மேல் முதல்முறையாக மரியாதை பிறந்தது. பிறகு தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "வெரலால தேடறதுன்னா, உளுந்துல கல்லு பாத்த வெரலுங்க இது. நா வேணா தேடித் தரட்டுங்களா?"

"உங்க நெறிக்கட்டிய நீங்களே தேடுவீங்களா?"

"என்னோடதுதான. வெளியாளா?"

இப்போது அவர் சிரித்துவிட்டார். ரிப்போர்ட் வந்து ஒரு மாதம் வரை பக்கெட்டை வைத்திருப்பார்களாம், இன்னும் பதினோரு நாள் பாக்கி. பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தானே மறுபடியும் தேடுவதாகச் சொன்னார். கதவுக்குள் போகத் திரும்பியவர் நின்றார். "ஐயா, ஒண்ணு. இப்ப உங்ககிட்ட சைபர் இருக்கு. தேடினா அது மாறலாம். மாறிச்சுன்னா திரும்ப சைபர் ஆக்க முடியாது. நல்லா யோசிச்சீங்களா?"

யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் மற்றவர் வாயால் கேட்கும்போது அது வேறாக இருந்தது. இங்கேயிருந்து எழுந்து போய்விட்டால், சங்கராபுரத்திலும் மலையிலும் அவர் பிழைத்த மனிதர். பதினெட்டு வீடு சாட்சி. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல குத்தணுங்க" என்றார்.

எட்டு நாள் கழித்து பெரிய டாக்டரின் அறை. இந்த முறையும் தனியாக. இந்த முறை காதுவலி. டாக்டர் புதிய தாளை மேஜையில் தட்டையாக வைத்து, மேலே எழுதியதைத் தானே விரலால் காட்டினார். இன்னும் பதின்மூன்று கிடைத்தன. ஆகப் பத்தொன்பது. அதில் இரண்டில் நோய் இருந்தது.

அறையில் மின்விசிறி சுற்றியது. வெள்ளையனின் முகத்தில் வந்தது சிரிப்பா வேறெதுவுமா என்று டாக்டருக்கு விளங்கவில்லை. வெள்ளையனுக்கே விளங்கவில்லை. முப்பத்தோரு வருட அனுபவம் சரி என்று எழுத்துபூர்வமாக நிரூபணமாகியிருந்தது. படித்தவர்கள் கையெழுத்துப் போட்ட தீர்ப்பை ஒரு மண்டிக்காரர் உடைத்துவிட்டார். இந்த வெற்றியைக் கொண்டாட ஆள் தேடினால், வெற்றியின் விவரத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க கேட்டது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "இல்லன்னா நாங்க மருந்து குடுக்காம வுட்டிருப்போம்."

"எங்க மண்டில நூத்துல ரெண்டு மூட்ட பூஞ்சன்னா லோடயே திருப்பிடுவோம் சார்."

"எங்களுக்குத் திருப்பி அனுப்ப எடம் இல்லியே, வெள்ளையன். வந்த லோட வெச்சுக்கினு பாத்தாவணும். பத்துக்கு ஏழுன்னு சொன்னேன். இப்ப நாலஞ்சுன்னு வெச்சுக்குங்க. மருந்து குடுத்தா அதக் கொஞ்சம் தூக்கிப் பாக்கலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன்." ஊரிலிருந்து வருகிறவர்களிடம் பேசிப் பேசி அவருக்கும் ‘வெச்சுக்கினு' வந்திருந்தது. "அடுத்த வாரம் மொத ஊசி. ஆனா தனியா வரக்கூடாது. கூட ஒருத்தர் கையெழுத்துப் போடணும். போன தடவ வந்தாரே?"

போன தடவை வந்தவர் மண்டி வாசலில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்திருந்தார். அவரிடம் போய் ஜிலேபியைத் திருப்பிக் கேட்பதற்கு வெள்ளையனுக்கு வாய் வரவில்லை. திங்கள் சாயங்காலம் வழக்கம்போல மலைக்குப் பஸ் ஏறினார்.

செவ்வாய் காலையில் செங்கம்மாள் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து வெள்ளையன் சொன்னார். நீதிபதி தீர்ப்பு வாசிப்பது மாதிரி, லேபின் பதினைந்து கணக்கு உட்பட வரிசையாக, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். செங்கம்மாள் களைக்கொத்தைக் கீழே போடவில்லை. கேட்டுக்கொண்டே இரண்டு களை பிடுங்கினார்.

"உன்ன யாரு போயி கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"நல்லாக் கீதுன்னு எழுதிக் குடுத்தாங்க. வாங்கி மடிச்சி வெச்சிக்கினு வர்றத வுட்டுட்டு, இன்னும் தேடு இன்னும் தேடுன்னு நின்னா? தேடுனா கெடைக்கத்தான் செய்யும்! வூட்ல நாஞ் சொல்றத என்னிக்காவது கேட்டிருக்கியா? இப்ப பதினெட்டு வூட்டுக்கும் இன்னா சொல்றது? துன்ன கறிய வாந்தி எடுங்கன்னா?"

காட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். செங்கம்மாள் ஒரு வரிசை முழுக்கக் களையெடுத்து முடித்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. திரும்பி வரும்போது குரல் தணிந்திருந்தது.

"எத்தன சொன்ன மொத்தம்?"

"பத்தொம்போது."

"ரெண்டுதான சொத்த. அப்ப பதினேழு நல்லாக் கீது."

"கணக்கு அப்பிடி இல்லம்மே."

"எனக்கு அப்பிடித்தான்." களைக்கொத்தை இடுப்பில் செருகினார். "வேண்டுதல்தான் முடிஞ்சி போச்சே. இப்ப நா மலைய வுட்டு எறங்கலாம். என்னிக்கிப் போவணும்?"

முப்பத்தோரு வருடமாக எதிர்பார்த்த அந்த வாக்கியம் இப்படி ஒரு காரணத்தோடு வரும் என்று வெள்ளையன் நினைத்ததில்லை. அதனால் சந்தோஷப்படவும் வருத்தப்படவும் தெரியாமல், "வியாழக்கெழம" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை பஸ்ஸில் பெண்கள் பக்கம் முன்னால் செங்கம்மாள், ஆண்கள் பக்கம் பின்னால் வெள்ளையன். முதல் வளைவு திரும்பியதுமே செங்கம்மாளுக்குக் குமட்டியது. மூன்றாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். வெள்ளையன் தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, முந்தானையால் முகம் துடைத்து, எலுமிச்சம்பழத்தை மூக்குக்கு நேரே பிடித்தார். கச்சிராயபாளையம் வரை நின்றுகொண்டே வந்தார். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது செங்கம்மாளால் நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் இறங்கியதும் ஒரு ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, நேரே செங்கம்மாளை உட்காரவைத்து, "எந்த வார்டும்மா?" என்றார்.

"இவங்க இல்லீங்க. நாந்தான்" என்றார் வெள்ளையன். நோயாளி தான்தான் என்று, டாக்டர்கள் தவிர வெளியாள் ஒருவரிடம் அவர் சொல்வது அதுதான் முதல் தடவை.

மருந்து ஏற்றும் கூடத்துக்குள் துணைக்கு வந்தவர்களுக்கு அனுமதி இல்லை. செங்கம்மாள் தாளில் பெருவிரலை வைத்து உருட்டினார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர், ஒவ்வொருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. வெள்ளையனின் கையில் நரம்பைத் தேடிக் குத்தினார்கள். ஒரே குத்தில் கிடைத்தது. கைதேர்ந்தவர்தான் என்று மனசுக்குள் பாராட்டினார். மருந்து குளிர்ச்சியாக ஏறியது. நாலு மணி நேரம் என்றார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளையனும் மூடிப் பார்த்தார். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நர்ஸ் வேகமாக வந்தார்.

"வெள்ளையன் யாரு? வெளிய உக்காந்திருக்கறது உங்க வூட்டம்மாவா? அவங்களக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க, ஐயா."

"இன்னாங்க பண்ணாங்க? வாந்தியா?"

"வாந்தியெல்லாம் நின்னுடுச்சு. பெஞ்சுல இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, ‘உங்காளுக்கு எத்தன எடுத்தாங்க, எத்தன பாத்தாங்க'ன்னு கேட்டுக்கினு இருக்காங்க. பதினஞ்சுக்குக் கம்மின்னா வுடாதீங்கன்றாங்க. நாலு பேரு ரிப்போர்ட்ட எடுத்துக்கினு லேபுக்குப் போயிட்டாங்க. ரம்யா டாக்டரு போன் பண்ணி யாரு இதுன்னு கேக்கறாங்க."

பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் திறந்தார். மெல்ல வெள்ளையன் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஏங்க, எனக்கு எத்தன எடுத்தாங்கன்னு எங்க எழுதியிருக்கும்?"

வெள்ளையன் ஊசி ஏறாத கையை நீட்டினார். "தாளக் குடுங்க. பாத்துச் சொல்றேன்."